குடுமி யார் கையில்? போர், ராணுவ உதவி, ஒரு நாட்டின் கணினிகள்

#1 வடந்தை

2025 மார்ச் 3 அன்று உக்ரைனுக்கான ராணுவ உதவியை அமெரிக்கா நிறுத்தி வைத்தது. செய்தி சேனல்களில் எல்லோரும் ஏவுகணை, பீரங்கிக் குண்டு என்றே கணக்குப் போட்டார்கள். எனக்கு அடுத்த சில நாளில் நடந்ததுதான் பெரிதாகப் பட்டது. உளவுத் தகவல் பகிர்வும் நிறுத்தம் என்று அறிவிப்பு வந்தது. அமெரிக்க அரசுத் தளம் வழியாக மேக்சார் நிறுவனத்தின் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துவந்த உக்ரைனியக் கணக்குகள் மூடப்பட்டன. ஜெட்டா பேச்சுவார்த்தை முடிந்து மார்ச் 11இல்தான் உதவியும் உளவுத் தகவலும் திரும்பின.

அந்த ஒரு வாரத்தில் உக்ரைன் கிடங்கிலிருந்து யாரும் எதையும் திருப்பி எடுத்துப் போகவில்லை. கொடுத்த பீரங்கி கொடுத்த இடத்திலேயே நின்றது. ஆனால் எங்கே சுட வேண்டும், எதிரிலிருந்து என்ன கிளம்பி வருகிறது என்று பார்க்கும் கண் மங்கியது. அதற்கு யாரும் எல்லை தாண்ட வேண்டியிருக்கவில்லை. எங்கோ ஓர் அலுவலகத்தில் சில கணக்குகளின் அனுமதியை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. 2025 ஜூலை 24 அன்று செயற்கைக்கோள் இணையச் சேவையான ஸ்டார்லிங்க் உலகம் முழுக்க இரண்டரை மணி நேரம் படுத்துவிட்டது. உள்மென்பொருள் கோளாறு என்று நிறுவனமே சொன்னது. உக்ரைனின் ட்ரோன் படைத் தளபதி, போர்முனை நெடுகிலும் இணைப்பு போய்விட்டது என்று எழுதினார். எதிரி ஒரு சுண்டுவிரலைக்கூட அசைக்காமல் ஒரு ராணுவத்துக்குப் பேச்சு நின்றுபோனது.

என் வாதம் இதுதான். ராணுவ உதவி என்று வருவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வந்து இறங்கியதும் உன்னுடையது. இன்னொன்று, வந்து இறங்கிய பிறகும் கொடுத்தவனுடையது. படம், வரைபடம், இணைப்பு, கிளவுட், மென்பொருள் அப்டேட் எல்லாம் இரண்டாம் வகை. இன்றைய போரில் முதல் வகையை ஓட வைப்பதே இரண்டாம் வகைதான். ஆகவே ஒரு நாடு உதவி கேட்கும்போது எத்தனை டாங்கி என்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, இந்த இணைப்பு அறுந்தால் எங்களால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும் என்பது. எந்த நாடும் இதை உரக்கக் கேட்டதாகத் தெரியவில்லை. கருத்துச் சொல்லுங்கள்.

#2 எரிகல்

நல்ல தொடக்கம். ஆனால் முழுசாக உடன்பட முடியவில்லை நண்பரே.

கணினிப் போர் என்பதை ஊதிப் பெருக்கிவிட்டோம். 2022 பிப்ரவரியில் உலகம் முழுக்க என்ன சொன்னார்கள்? முதல் நாளே உக்ரைன் இருண்டுவிடும், வங்கி முடங்கும், தொலைபேசி செத்துவிடும் என்றார்கள். எதுவும் அப்படி நடக்கவில்லை. உக்ரைனை இருட்டாக்கியது 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய ஏவுகணைத் தாக்குதல். 2024 மார்ச்சிலிருந்து சில மாதங்களிலேயே 9 கிகாவாட் மின் உற்பத்தித் திறன் போய்விட்டதாக அந்த நாட்டு அதிபரே சொன்னார். எந்த ஹேக்கர் 9 கிகாவாட்டை அழித்திருக்கிறான்? இரும்பை உடைப்பது இரும்புதான். வான் பாதுகாப்பு ஏவுகணைக்குப் பணம் போதாதபோது சர்வருக்கும் ஃபயர்வாலுக்கும் உதவிப் பணத்தைத் திருப்புவது உயிரோடு விளையாடுவது.

#3 ரிலேரூம்

எரிகல் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு நான் பதில் சொல்ல வேண்டும். கன்ட்ரோல் ரூமில் ஷிப்டு பார்த்தே தலை நரைத்தவன் நான்.

2015 டிசம்பர் 23. மேற்கு உக்ரைனில் இவானோ-ஃபிராங்கிவ்ஸ்க் பகுதிக்கு மின்சாரம் விநியோகிக்கும் நிறுவனம். பிற்பகல் மூன்றரை மணி வாக்கில் ஷிப்டு முடியப்போகும் நேரம். ஆபரேட்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்கிறது. ஒரு சப்ஸ்டேஷன் படத்தைத் திறக்கிறது, பிரேக்கரை, அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கும் பெரிய ஸ்விட்சை, திறக்கும் பட்டனுக்குப் போகிறது, உறுதிசெய் என்ற பெட்டியையும் அதுவே அமுக்குகிறது. இவர் மவுஸைப் பிடித்து இழுக்கிறார், அது கேட்கவில்லை. பிறகு கணினி அவரையே வெளியே தள்ளுகிறது. திரும்ப உள்ளே போகப் பார்த்தால் பாஸ்வேர்டு மாறியிருக்கிறது. கண்ணெதிரே ஒன்றன்பின் ஒன்றாக ஸ்டேஷன்கள் விழுகின்றன.

அன்று மூன்று விநியோக நிறுவனங்கள் அடிபட்டன. சுமார் 2,25,000 நுகர்வோருக்கு மின்சாரம் போனது. தொடக்கம் என்ன தெரியுமா? மாதக்கணக்கில் முன்பே வந்த ஒரு மின்னஞ்சல், அதில் ஒரு வேர்ட் கோப்பு, அதற்குள் ஒளிந்த மேக்ரோ என்ற குட்டி நிரலை இயக்கு என்று ஒரு கிளிக். அதிலிருந்து நிதானமாக உள்ளே ஊர்ந்து, யார் எப்போது எந்தப் பாஸ்வேர்டில் நுழைகிறார்கள் என்று பார்த்து வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு செய்ததுதான் தொழில் தெரிந்தவன் வேலை. கன்ட்ரோல் ரூமின் யூபிஎஸ்ஸையும் நிறுத்தினார்கள், ஆக ஆபரேட்டரும் இருட்டில். மக்கள் புகார் சொல்லக் கூப்பிடும் எண்ணுக்குப் போலி அழைப்புகளைக் கொட்டினார்கள், ஆக எங்கே மின்சாரம் போனது என்று தகவல் வரும் வழியும் அடைபட்டது. சப்ஸ்டேஷன்களில் பழைய கருவிகளையும் புது நெட்வொர்க்கையும் இணைக்கும் சின்னச் சின்ன கன்வெர்டர் பெட்டிகள் இருக்கும். அவற்றின் உள்மென்பொருளையே அழித்து எழுதிவிட்டார்கள். பெட்டி செத்தது செத்ததுதான், புதிது வாங்கிப் பொருத்த வேண்டும்.

இவ்வளவு செய்தும் 1 முதல் 6 மணி நேரத்துக்குள் மின்சாரம் திரும்பியது. காரணம் ஒன்றே ஒன்று. வண்டியை எடுத்துக்கொண்டு ஆட்கள் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய்ப் பிரேக்கரைக் கையால் போட்டார்கள். கையால் போடத் தெரிந்த ஆளும், கையால் போட முடிகிற பிரேக்கரும் இருந்தன. முழுத் தானியங்கியாக மாறிவிட்ட, ஆள் குறைத்துவிட்ட எத்தனையோ நாடுகளில் இது நடக்குமா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. கன்வெர்டர் போன ஸ்டேஷன்களை அதன்பிறகும் மாதக்கணக்கில் கையால்தான் ஓட்டினார்கள்.

#4 எரிகல்

> இவ்வளவு செய்தும் 1 முதல் 6 மணி நேரத்துக்குள் மின்சாரம் திரும்பியது.

இதைத்தானே ஐயா நானும் சொல்கிறேன்! மாதக்கணக்கில் பாடுபட்டு ஆறு மணி நேர இருட்டு. ஒரு ஏவுகணை ஆறு மாத இருட்டைத் தருகிறது. எதிரியின் கணக்கில் எது லாபம்?

#5 ரிலேரூம்

எதிரியும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தான் தம்பி, அதனால்தான் அடுத்த வருஷம் வேறு மாதிரி வந்தான்.

2016 டிசம்பர் 17 நள்ளிரவு. கியிவுக்கு வடக்கே பிவ்னிச்னா என்ற 330 கேவி (கிலோவோல்ட்) சப்ஸ்டேஷன். இந்தமுறை மவுஸை நகர்த்த ஆள் தேவைப்படவில்லை. இண்டஸ்ட்ராயர் என்று பிறகு பெயர் வைத்த அந்த மால்வேருக்கு (நாசவேலை மென்பொருளுக்கு) மின் நிலையக் கருவிகள் பேசும் நெறிமுறைகள் எல்லாம் தெரியும். அதுவே பேசி, அதுவே பிரேக்கர்களைத் திறந்தது. கியிவ் நகரத்தின் மின் நுகர்வில் ஐந்தில் ஒரு பங்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் போனது. மறுபடியும் கையால் போட்டார்கள். சின்ன விஷயம் என்று உலகம் நகர்ந்துவிட்டது.

மூன்று வருஷம் கழித்து அதை ஆராய்ந்தவர்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த மால்வேரில் இன்னொரு பகுதி இருந்தது. சீமென்ஸ் பாதுகாப்பு ரிலேக்களை ஊமையாக்கும் பகுதி. ரிலே என்பது லைனில் கோளாறு வந்தால் கண் இமைக்கும் நேரத்துக்குள் பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் கருவி. எங்கள் தொழிலில் உயிர்க்காப்பு அதுதான். திட்டம் இப்படி: முதலில் இருட்டாக்கு, ஆபரேட்டர் திரையைக் குருடாக்கு, ரிலேயை ஊமையாக்கு. பதற்றத்தில் ஆட்கள் ஓடிவந்து கையால் லைனைப் போடும்போது, ஓவர்லோடு வந்தாலும் தடுக்க எதுவும் இருக்காது. மின்மாற்றி எரியும், பக்கத்தில் நிற்கும் ஆளும் போகலாம். தாக்கியவர்கள் எழுதிய நிரலில் ஒரு பிழை இருந்ததால் அந்தப் பகுதி வேலை செய்யவில்லை. ஆக நம்மைக் காப்பாற்றிய கைவேலையையே பொறியாக மாற்றப் பார்த்தார்கள். நீ சொல்லும் ஏவுகணைச் சேதத்தைக் கணினியிலிருந்தே வரவழைக்கும் முயற்சி அது.

#6 கணக்கேடு

மின்சாரம் பற்றியே பேசுகிறீர்கள். நான் கணக்குத் துறை ஆள். எனக்கு 2017 ஜூன் 27தான் மறக்காது.

உக்ரைனில் கம்பெனிகள் வரிக் கணக்கு தாக்கல் செய்ய எம்.இ.டாக் என்று ஒரு மென்பொருள் வைத்திருந்தார்கள். அங்கே தொழில் செய்கிற அநேகம் பேரிடம் அது இருந்தது. அதன் அப்டேட் சர்வரை ஹேக்கர்கள் ஏப்ரலிலிருந்தே பிடித்து வைத்திருந்தார்கள். ஜூன் 27இல் நாட்பெட்யா என்ற மால்வேர் அந்த வழியாகவே போனது. பார்க்க ரான்சம்வேர் மாதிரி பணம் கேட்கும், ஆனால் பணம் கட்டினாலும் தரவு திரும்பாது. அழிப்பதற்காகவே எழுதப்பட்டது. அது பரவப் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ தனக்கென்று செய்து வைத்திருந்து, திருட்டுப் போய் வெளியே கசிந்தது. இதையும் ராணுவ உதவி விவாதத்தில் சேர்க்க வேண்டும். நட்பு நாட்டுக் கிடங்கில் செய்த ஆயுதம் எதிரி வழியாக இங்கே வந்து விழுந்திருக்கிறது.

வங்கி, விமான நிலையம், அமைச்சரவை அலுவலகம் என்று எல்லாத் திரையும் கறுத்தன. செர்னோபிலில் கதிர்வீச்சுக் கண்காணிப்பைக் கையால் அளக்கும் நிலைக்குப் போனார்கள். உக்ரைனோடு நிற்கவில்லை. அங்கே கிளை வைத்திருந்த மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் 4,000 சர்வர், 45,000 கணினிகளை 10 நாளில் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று. யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்று வைத்திருக்கும், அவர்களுடைய நெட்வொர்க்கின் மூல அடையாளப் பட்டியல் உலகம் முழுக்க அழிந்துபோய், கானாவில் ஒரே ஒரு சர்வரில் மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த நேரத்தில் அங்கே கரண்ட் போயிருந்ததால் அது தப்பியது. அதைக் கையில் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினார்கள். மொத்தச் சேதம் 1,000 கோடி டாலருக்கு மேல் என்று வெள்ளை மாளிகை மதிப்பிட்டது.

எரிகல் நண்பருக்கு ஒரு கேள்வி. ஒரே நாளில் 1,000 கோடி டாலர் நஷ்டத்தை எந்த ஏவுகணை தந்திருக்கிறது?

#7 புதுமுகம்77

ஒரு சந்தேகம். இவ்வளவு நடந்தும் 2022இல் அந்த நாட்டு அரசாங்கக் கணினிகள் எப்படித் தாங்கின? எரிகல் அண்ணன் சொல்வதுபோல் எதிரிக்குத் திறமை இல்லை என்பதா, வேறு காரணமா?

#8 வடந்தை

புதுமுகம், எதிரி சும்மா இருக்கவில்லை. 2022 ஜனவரி நடுவிலேயே அரசுத் தளங்களை முடக்கி, "பயப்படுங்கள், மோசமானதை எதிர்பாருங்கள்" என்று எழுதி வைத்தார்கள். பிப்ரவரி 23இல் தரவு அழிக்கும் மால்வேர் வந்தது. 24 அதிகாலை, படை எல்லை தாண்டுவதற்கு ஒரு மணி நேரம் முன், வியாசாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணைய சேவையைத் தாக்கினார்கள். செயற்கைக்கோளைத் தொடவே இல்லை. அதன் மேலாண்மை நெட்வொர்க்குக்குள் நுழைந்து, வீட்டிலும் முகாமிலும் இருக்கும் மோடம்களின் நினைவகத்தை அழிக்கக் கட்டளை அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கான மோடம்கள் ஒரே நேரத்தில் உபயோகமற்ற பெட்டியாயின. ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளின் தொலைக் கண்காணிப்புகூட அறுந்தது. போரில் இல்லாத நாட்டில், யாரும் குறிவைக்காத காற்றாலை!

தாங்கியதற்குக் காரணம் 2015, 2016, 2017 அடிகள். அடிபட்டு அடிபட்டுப் பழகியவர்கள் அவர்கள். ஆனால் என்னைக் கவர்ந்தது ஒரு சட்டத் திருத்தம். அரசுத் தரவை நாட்டுக்கு வெளியே வைக்கக் கூடாது என்று அங்கே விதி இருந்தது. படையெடுப்புக்கு ஒரு வாரம் முன்னால், பிப்ரவரி 17இல், நாடாளுமன்றம் அதை மாற்றியது. போர் தொடங்கியதும் அமேசான் நிறுவனம் சூட்கேஸ் அளவுள்ள சேமிப்புப் பெட்டிகளைப் போலந்து வழியாக அனுப்ப, நிலப் பதிவு, வரி, கல்விப் பதிவுகள் அதில் ஏறி வெளியே போயின. அங்கே மிகப் பெரிய வங்கியான பிரிவாட்பேங்க் தன் முழு அமைப்பையும் 45 நாளுக்குள் வெளிநாட்டு கிளவுடுக்கு மாற்றியது. போரின் ஆரம்பத்திலேயே ஒரு ஏவுகணை அரசுத் தரவு மையத்தைக் குறிவைத்து வந்தது. அதற்குள் முக்கியமானவை நகர்ந்துவிட்டன.

எஸ்தோனியா இதை முன்பே யோசித்தது. 2007இல் தாலினில் ஒரு சோவியத் சிலையை இடம் மாற்றியதற்காக வங்கியும் செய்தித்தாளும் அரசுத் தளமும் வாரக்கணக்கில் தாக்கப்பட்டன. அதன்பிறகு, 2017இல் லக்சம்பர்க்கோடு ஒப்பந்தம் போட்டு அங்கே ஒரு தரவுத் தூதரகம் வைத்தார்கள். தூதரகத்துக்குரிய பாதுகாப்பு அந்த சர்வர்களுக்கும் உண்டு. நிலம் பறிபோனாலும் நாட்டின் ஏடுகள் பறிபோகாது.

பதிவேடு என்றால் சாதாரணமாக எடுக்காதீர்கள். 2024 டிசம்பர் 19இல் உக்ரைன் நீதி அமைச்சகத்தின் பதிவேடுகள் தாக்கப்பட்டபோது வீடு விற்க முடியவில்லை, வாங்க முடியவில்லை, பிறப்பும் திருமணமும் கணினியில் ஏறவில்லை. எல்லாவற்றையும் பழையபடி ஓடவைக்க ஜனவரி ஆகிவிட்டது. ஒரு மனிதன் தன் வீடு தன்னுடையது என்று நிரூபிக்க முடியாமல் நிற்பது எனக்கு மின்தடையைவிடக் கொடுமையாகத் தெரிகிறது.

#9 எரிகல்

பதிவுகள் வெளியே போனது நல்லதுதான். ஆனால் வடந்தை, உங்கள் முதல் பதிவோடு இது முட்டவில்லையா? கொடுத்தவன் கையில் குடுமி இருக்கிறது என்று தொடங்கினீர்கள். இப்போது நாட்டின் ஏடுகளையே வெளிநாட்டுக் கம்பெனி கையில் கொடுத்ததைப் பாராட்டுகிறீர்கள். போர்க்களத் தகவலைக் காட்டும் டெல்டா மென்பொருளின் கிளவுடையும் வெளிநாட்டில் வைக்க 2023 பிப்ரவரியில் அரசே அனுமதித்தது. நாளை அந்த நாட்டு அரசாங்கம் மாறினால்?

#10 நடுநிலம்

நல்ல கேள்வி. இதில் புதிது எது, பழையது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

கொடுத்தவன் கையில் கயிறு என்பது பழைய கதை. ஷா ஆட்சியில் ஈரான் அமெரிக்காவிடம் எஃப்-14 போர் விமானங்கள் வாங்கியது, 79 வந்து சேர்ந்தன. 1979இல் ஆட்சி மாறியது, உதிரி பாகம் நின்றது. பறக்காது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ஒரு விமானத்தைப் பிரித்து இன்னொன்றுக்குப் பொருத்தி, 1980 முதல் 1988 வரை ஈராக்கோடு நடந்த போர் முழுக்க ஓட்டினார்கள். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள். உதிரி பாகத்தை நிறுத்தினால் விமானம் மெல்ல மெல்லத்தான் சாகும். மாற்றுவழி தேட அவகாசம் இருக்கும்.

2025 மார்ச்சில் அந்த அவகாசம் ஒரு நாள்கூட இல்லை. எஃப்-35 வாங்கிய ஐரோப்பிய நாடுகள் அதே மாதத்தில் பதறியதும் இதனால்தான். விமானத்தை அப்படியே நிறுத்த ரகசியப் பட்டன் இருக்கிறதா என்று கேட்டார்கள். அப்படி ஒன்று இல்லை என்று அமெரிக்கத் தரப்பு மறுத்தது. பட்டனே தேவையில்லை என்பதுதான் விஷயம். எதிரி ரேடார் எது என்று விமானத்துக்குச் சொல்லும் தரவுக் கோப்பும், பராமரிப்பு மென்பொருளும் அமெரிக்காவிலிருந்தே வர வேண்டும். அது நின்றால் விமானம் பறக்கும், ஆனால் நாளாக ஆகப் புது ஆபத்தை அடையாளம் தெரியாமல் பறக்கும்.

தனியார் கையில் இருப்பது இன்னும் சிக்கல். 2022இல், ரஷ்யா பிடித்துவைத்திருந்த கிரிமியாவின் கடற்படைத் துறைமுகமான செவஸ்தபோல் வரை ஸ்டார்லிங்க்கை இயக்கித் தரும்படி அவசரக் கோரிக்கை வந்தது, தான் மறுத்துவிட்டேன் என்று அதன் முதலாளி இலான் மஸ்க்கே பின்னாளில் எழுதினார். ஒரு கடற்படைத் தாக்குதல் நடக்குமா நடக்காதா என்பதை எந்த நாடாளுமன்றமும் முடிவு செய்யவில்லை. அந்த இணைப்புகளில் கணிசமானவற்றுக்கு வருடத்துக்கு சுமார் 5 கோடி டாலர் சந்தா கட்டுவது போலந்து அரசு. பணம் கட்டுகிறவர் ஒருவர், பயன்படுத்துகிறவர் ஒருவர், அனுமதி தருகிறவர் மூன்றாமவர். இது சரியில்லை.

எரிகல் கேள்விக்கு என் பதில்: வெளியே வைப்பது தவறில்லை, ஒரே இடத்தில் வைப்பதுதான் தவறு. உள்ளேயே வைத்தவர்கள் கதையும் தெரியும்தானே? 2025 செப்டம்பர் 26, தென்கொரியா, தேஜோன் நகர அரசுத் தரவு மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. 647 அரசு சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த 858 டெராபைட் சேமிப்பு முழுக்க அழிந்தது. அளவு பெரிது என்று அதற்கு பேக்கப்பே எடுக்கவில்லை. உலகிலேயே வேகமான இணையம் உள்ள நாடுகளில் ஒன்று அது. எதிரி நாட்டோடு இன்னும் சமாதான ஒப்பந்தம்கூடப் போடாத நாடு.

#11 புதுமுகம்77

ஒரு நேட்டோ நாட்டைக் கணினியில் தாக்கினால் எல்லா நாடும் சேர்ந்து போருக்கு வருமா? படித்த ஞாபகம்.

#12 சட்டப்படி

2014 வேல்ஸ் மாநாட்டில் நேட்டோ ஏற்றுக்கொண்டது என்னவென்றால், கணினித் தாக்குதலும், ஒரு நாட்டைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகக் கொள்ளும் 5ஆம் பிரிவின்கீழ் வரலாம், ஒவ்வொரு நிகழ்வையும் தனித்தனியாக முடிவு செய்வோம் என்பது. வரலாம் என்பதை வரும் என்று படிக்கக் கூடாது. 2022 ஜூலையில் நேட்டோ உறுப்பு நாடான அல்பேனியாவின் அரசு சேவைகள் முடக்கப்பட்டன. ஈரான்தான் காரணம் என்று செப்டம்பரில் அல்பேனியா தூதரக உறவையே முறித்தது. 5ஆம் பிரிவு எழவில்லை. அந்தப் பிரிவு இதுவரை ஒரே ஒரு முறை, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகுதான் பயன்பட்டிருக்கிறது.

குற்றவியல் பக்கம் பாருங்கள். உக்ரைன் மின் நிலையங்கள் மீது ஏவுகணை வீசியதற்காக 2024இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் ரஷ்யத் தளபதிகளுக்கும் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவருக்கும் கைது ஆணை பிறப்பித்தது. மார்ச்சில் கோபிலாஷ், சோகோலோவ். ஜூனில் முன்னாள் அமைச்சர் ஷோய்கு, தளபதி கெராசிமோவ். அதே மின்கட்டமைப்பை 2015இலும் 2016இலும் கணினி வழியாக முடக்கியதற்கு, நாட்பெட்யாவையும் சேர்த்து, 2020 அக்டோபரில் அமெரிக்க நீதித்துறை ரஷ்ய ராணுவ உளவுப் பிரிவு அதிகாரிகள் ஆறு பேர்மீது குற்றம் சாட்டியது. ஓர் உள்நாட்டு நீதிமன்றத்தின் குற்றப்பத்திரிகை, அவ்வளவே. அடிபட்டது ஒரே மருத்துவமனை, ஒரே வீடு என்றாலும் அடித்த கருவியைப் பொறுத்துச் சட்டத்தின் எடை மாறுகிறது.

காப்பீட்டுக்காரர்கள் இதை முதலில் புரிந்துகொண்டார்கள். நாட்பெட்யாவில் அடிபட்ட மெர்க் மருந்து நிறுவனம் 140 கோடி டாலர் கேட்டபோது, இது போர், போருக்கு இழப்பீடு கிடையாது என்றார்கள். நியூஜெர்சி நீதிமன்றம் ஏற்கவில்லை, 2023 மேல்முறையீட்டிலும் மெர்க் வென்றது. அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே என்ன நடந்தது? 2023 மார்ச் 31 முதல் எழுதும் கணினிக் காப்பீடுகளில், அரசு பின்னணியுள்ள பெரும் தாக்குதல்களை விலக்கியே எழுத வேண்டும் என்று லண்டன் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தை விதி போட்டது. ஆக ஒரு நாட்டின் தனியார் மின் நிறுவனம், மருத்துவமனை, துறைமுகம் எல்லாம் அடுத்த நாட்பெட்யாவுக்குக் காப்பீடு இல்லாமலே நிற்கப் போகின்றன. அந்த நஷ்டம் அரசின் தலையில்தான் விழும். ராணுவ உதவிக் கணக்கில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

#13 எரிகல்

சட்டப்படி எழுதியதைப் படித்த பின் என் வாதத்தைக் கொஞ்சம் கூர்மையாக்குகிறேன். ஏவுகணைத் தடுப்புக்குத்தான் முதலிடம் என்பதில் மாற்றமில்லை. ஆனால் கியிவ்ஸ்டார் விஷயம் எனக்கும் உறுத்துகிறது. 2023 டிசம்பர் 12 காலை, 2.4 கோடி வாடிக்கையாளர் உள்ள அந்தத் தொலைபேசி நிறுவனத்தின் உள்கட்டமைப்பையே துடைத்துவிட்டார்கள். மே மாதத்திலிருந்தே உள்ளே இருந்திருக்கிறார்கள் என்று உக்ரைனின் உள்நாட்டு உளவு அமைப்பு பிறகு சொன்னது. சுமி பகுதியில் வான்தாக்குதல் எச்சரிக்கைச் சங்கு சில இடங்களில் ஒலிக்கவில்லை. சங்கு ஒலிக்காவிட்டால் என் ஏவுகணைத் தடுப்பும் அரைகுறைதான், ஒப்புக்கொள்கிறேன். லிவிவ் நகரத் தெருவிளக்குகளை அணைக்க ஆட்களை அனுப்ப வேண்டியிருந்தது, ஏனென்றால் அந்த விளக்குகளின் ஸ்விட்சும் அதே நெட்வொர்க்கில் இருந்தது. தெருவிளக்கும் தொலைபேசியும் ஒரே கயிற்றில் தொங்கும் என்று அதுவரை எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

ஒரு கேள்வி ரிலேரூம் ஐயாவுக்கு. உங்கள் கையில் உதவிப் பணம் கொடுத்தால் முதலில் எதை வாங்குவீர்கள்?

#14 ரிலேரூம்

முதலில் மின்மாற்றி. இதில் நீயும் நானும் ஒரே பக்கம். பெரிய ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் 200 டன்னுக்கு மேல் இருக்கும், ஆர்டர் போட்டால் வர ஒரு வருஷத்துக்கு மேல். உக்ரைனில் சோவியத் காலத்து 330, 750 கேவி. ஐரோப்பாவின் பெரும்பகுதி 400 கேவி. பக்கத்து நாட்டில் இருப்பதைத் தூக்கிவந்து மாட்ட முடியாது. அதே 330 கேவியில் ஓடிய லிதுவேனியாவிடம் இருந்ததால் அங்கிருந்து 2023இல் வந்தது. பழைய மாடல் என்று கழித்துக் கட்டியிருந்தால் அதுவும் இருந்திருக்காது.

இரண்டாவது நீ எதிர்பார்க்காத ஒன்று. கடிகாரம். மின்கட்டமைப்பில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஸ்டேஷன்களின் அளவீடுகளை ஒப்பிட வேண்டுமென்றால் எல்லாவற்றுக்கும் நேரம் மைக்ரோ வினாடி சுத்தமாக ஒத்துப்போக வேண்டும். அந்த நேரம் ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. ஏவுகணையையும் ட்ரோனையும் திசைதிருப்ப ஜிபிஎஸ்ஸை ஜாம் செய்கிறார்கள். அப்படிச் செய்யும்போது சப்ஸ்டேஷன் நேரமும் தொலைகிறது, கன்ட்ரோல் சென்டருக்கு எங்கே எவ்வளவு ஓடுகிறது என்று சரியாகத் தெரியாமல் போகிறது. வான் பாதுகாப்பு செய்த நல்ல வேலையே மின்சாரத்துக்குக் கெடுதலாக முடிகிறது, பார்த்தாயா? சிஸ்கோ பொறியாளர்கள் தங்கள் தொழிற்சாலை ஸ்விட்ச் ஒன்றை மாற்றியமைத்து, ஜிபிஎஸ் இல்லாமலும் நேரத்தைச் சுத்தமாகப் பிடித்துவைக்கும்படி செய்து 2023இல் உக்ரைன் மின்கட்டமைப்பு நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். ஒரு பீரங்கியைவிடச் சின்னப் பெட்டி. இந்தப் போரில் வந்த உதவிகளில் எனக்கு அதன்மேல்தான் அதிக மரியாதை, ஏனென்றால் வந்து பொருத்தியதும் அது உக்ரைனுடையது. ஆளே இல்லாத ஸ்டேஷனிலும் அது தன்பாட்டுக்கு ஓடும்.

மூன்றாவது ஆள். 2024 ஜனவரியில் லிவிவில் வெப்ப விநியோக நிறுவனத்தின் கன்ட்ரோலர்களுக்குத் தப்பான அளவீடு போகும்படி செய்தார்கள். 600க்கு மேற்பட்ட அடுக்ககங்களில் உறைகுளிரில் ஏறக்குறைய இரண்டு நாள் வெந்நீரும் வெப்பமும் இல்லை. மோட்பஸ் என்ற நெறிமுறை வழியாகப் போனார்கள். அது 1979இல் வந்தது, கட்டளையிடுவது யார் என்று கேட்கும் வழக்கமே அதில் கிடையாது. உலகம் முழுக்கத் தண்ணீர், எண்ணெய், மின்சாரம் என்று பல இடங்களில் இன்றும் அதுதான் ஓடுகிறது. இதை மாற்றப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை மீட்டரைக் கண்ணால் பார்த்து, வால்வைக் கையால் திருப்பத் தெரிந்த ஆள் ஒவ்வொரு ஷிப்டிலும் வேண்டும். ஓய்வுபெறப் போகிறவரை இன்னும் இரண்டு வருஷம் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள், இளைஞனுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல். எந்த உதவிப் பட்டியலிலும் இது வராது, ஏனென்றால் இதை விற்க எந்தக் கம்பெனியும் இல்லை.

#15 வடந்தை

ரிலேரூம் ஐயா, உதவியைப் பற்றி நான் சொல்ல வந்ததை அந்த ஒரு கடிகாரப் பெட்டி சொல்லிவிட்டது. 2023 டிசம்பரில் உக்ரைனின் ராணுவம் சாராத கணினிப் பாதுகாப்புக்கென்றே சில நாடுகள் சேர்ந்து தாலின் மெக்கானிசம் என்று ஓர் அமைப்பை ஏற்படுத்தின. ராணுவத்துக்கு எஸ்தோனியாவும் லக்சம்பர்க்கும் முன்நின்று ஐடி கூட்டணி நடத்துகின்றன. இந்த உதவிகளை எல்லாம் அந்தக் கேள்வியால் அளக்க வேண்டும்: நாளைக் காலை நன்கொடையாளர் போனை எடுக்காவிட்டால் இது ஓடுமா? ஓடாது என்றால் வேண்டாம் என்று சொல்லவில்லை. படமும் உளவும் யாரும் தனியாகச் செய்துகொள்ள முடியாதவை. ஆனால் இரண்டு வேறு வேறு கைகளிலிருந்து வாங்க வேண்டும், ஓடாத நாளுக்கான ஒத்திகையும் பார்த்திருக்க வேண்டும்.

#16 புதுமுகம்77

முழு நாடும் அப்படி ஒத்திகை பார்த்த உதாரணம் இருக்கிறதா?

#17 ரிலேரூம்

இருக்கிறது தம்பி. 2022 பிப்ரவரி 24 அதிகாலை, படையெடுப்புக்குச் சில மணி நேரம் முன்னால்தான் உக்ரைன் தன் மின்கட்டமைப்பை ரஷ்யா, பெலாரஸிலிருந்து பிரித்து, தனியாக ஓட முடிகிறதா என்று சோதனை தொடங்கியது. முன்பே தேதி குறித்து வைத்திருந்த சோதனை. சில நாளில் திரும்ப இணைப்பதாகத் திட்டம். குண்டு விழ ஆரம்பித்ததும் திரும்பிப் போகவே இல்லை, அப்படியே தனியாக ஓட்டி மார்ச் 16இல் ஐரோப்பியக் கட்டமைப்போடு சேர்ந்துவிட்டார்கள். மூன்று வாரம், போருக்கு நடுவில், மின்கட்டமைப்பு முழுக்க ஒரே சீராக இருக்க வேண்டிய அலைவெண்ணைத் தாங்களே பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். அந்தக் கன்ட்ரோல் ரூமில் இருந்தவர்கள் தூங்கியிருக்க மாட்டார்கள்.

அதேபோல் எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றும் 2025 பிப்ரவரி 8 காலையில் ரஷ்யக் கட்டமைப்பிலிருந்து பிரிந்தன. உடனே போலந்தோடு இணையாமல், ஒரு நாளுக்கு மேல் வேண்டுமென்றே மூன்றும் தனித் தீவாக ஓடிப் பார்த்தன. வேறு வேறு நிலையங்களை ஏற்றி இறக்கி, அலைவெண் தாங்குகிறதா என்று சோதித்த பிறகு, 9ஆம் தேதி மதியம்தான் ஐரோப்பாவோடு பிரேக்கரைப் போட்டார்கள்.